இன்னும் பூக்கிறதா?

ஜெரேனியம் என்றதும் ஜன்னல் தொட்டியில் சிவப்பாகச் சிரித்துக்கொண்டு நிற்குமே, அதை நினைத்துக்கொள்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. அது ஒரு நாள் பனிக்குக்கூடத் தாங்காது. நான் சொல்வது மண்ணில் வளர்கிற ஜாதி. குளிர்காலத்தில் அந்த இடத்தில் செடி இருந்த சுவடே தெரியாது. ஏப்ரல் வந்தால் எதுவுமே நடக்காததுபோல் இலை விட்டு எழுந்திருக்கும். ஜூனில் பூக்கத் தொடங்கினால் கடும்பனி விழும்வரை ஓயாது. நீலப் பூ, நடுவில் துளி வெள்ளை.

அது ஏன் இத்தனை மாதம் பூக்கிறது என்பதை என் கணவர் ரால்ஃப் தோட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் விளக்குவார். விதை பிடிக்காத இனம் அது. மற்றச் செடிகள் விதை பிடித்ததும் வந்த வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். இதற்கு அந்த நிம்மதி இல்லை. அடுத்த பூவிலாவது பிடிக்காதா என்று பூத்துக்கொண்டே கிடக்கும். எங்களுக்கும் பிள்ளை கிடையாது. அவர் இந்தக் கதையை ஆரம்பித்தாலே நான் தேநீர் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

ரால்ஃப் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. எங்கள் நெதர்கூம்ப் கிராமத்தில் என் வீடு சந்தின் கடைசி. அதற்கு அப்பால் ஆடுகள்தான். தபால்காரர் பெட்டியில் காகிதத்தைச் செருகிவிட்டு வண்டியை நிறுத்தாமலே போய்விடுவார். கடைக்குப் போனால் கல்லாவில் ஆளில்லை, இயந்திரம் நிற்கிறது. "பொருளைப் பையில் வையுங்கள்" என்று அது சொல்லும். சில நாட்களில் என்னோடு பேசியது அது ஒன்றுதான். நானும் வெட்கமில்லாமல் "வெச்சாச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தோட்டத்தைத் திறந்துவைப்போம். டிக்கெட்டோடு ஒரு வரைபடம் தருவார்கள், தோட்டத்துக்கு ஓர் எண் போட்டு. யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து பூவைப் பார்க்கலாம், கேக் தின்னலாம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் திரைச்சீலையைக் குறை சொல்லலாம். வசூல் தேவாலயக் கூரைக்கு. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தக் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குக் கூரையைப் பற்றிக் கவலையில்லை. என் வாசல் கதவை அடுத்தவர் கை திறக்கிற நாள் அது ஒன்றுதான். வருடம் முழுக்க அதை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் அந்த ஞாயிறு முடிந்ததும் இதையெல்லாம் நடத்துகிற ஃபெனெல்லா வந்தாள். தலையைச் சாய்த்துப் பேசுவாள். தலை சாய்ந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"சந்து கடைசி வரைக்கும் யாரும் நடக்க மாட்டேங்கறாங்க கிளெண்டா. அடுத்த வருஷம் ஒரு தடவ பார்ப்போம். அப்பவும் கூட்டம் இல்லேன்னா வரைபடத்துலேர்ந்து உங்கள எடுத்துடலாம்னு நாங்க நினைக்கறோம். உங்களுக்கும் சிரமம் மிச்சம் பாருங்க."

"எனக்கு என்ன சிரமம்? நான் சும்மாதானே இருக்கேன்" என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை.

எங்கள் தோட்டத் திருநாள் எப்போதும் ஆகஸ்டின் இரண்டாவது ஞாயிறு. அதற்கு ரால்ஃப் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஜூலை தொடக்கத்தில் முதல் பூக்கள் கொஞ்சம் களைத்ததும் ஜெரேனியத்தை அடியோடு, தரை மட்டத்துக்கு வெட்டிவிடுவார். பார்த்தால் கொலை நடந்த இடம் மாதிரி இருக்கும். பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டு விட்டால் ஒரு மாதத்தில் புது இலையும் புதுப் பூவுமாகக் குண்டாக எழுந்து நிற்கும். ஊரார் ரோஜாவெல்லாம் ஆகஸ்டில் வாடிச் சோர்ந்திருக்கும்போது எங்கள் தோட்டம் மட்டும் நீலமாகப் பொங்கும். அவர் போன பிறகும் நான் அந்த முறையை விடவில்லை.

இந்த வருடம் அப்படி ஒரு வியாழக்கிழமை மண்டியிட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். கடைசித் தூரையும் வெட்டி முடித்து, பூவும் தண்டுமாகத் தள்ளுவண்டி நிறைந்திருந்தது. அப்போது டிரெவர் தோளில் சுத்தியலும் கையில் மஞ்சள் பலகையுமாக வந்தார். வழிகாட்டிப் பலகை நடுவது அவர் வேலை. எங்கள் பக்கத்து ஆண்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக்கூடத் 'தங்கமே' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒன்றும் விசேஷமில்லை.

"என்ன தங்கமே, இப்படி மொட்டையடிச்சு வெச்சிருக்க?"

"வருஷா வருஷம் அடிக்கறதுதானே. நீ எதுக்கு இப்பவே பலகையத் தூக்கிட்டு அலையற? இன்னும் ஒரு மாசம் கிடக்கு."

டிரெவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசமா? இந்த ஞாயித்துக்கிழமை, கிளெண்டா."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"நாளன்னைக்கு மறுநாள். பேண்டுக்காரங்களுக்கு ஆகஸ்ட்ல தேதி இல்லன்னு மாத்திட்டாங்கல்ல. ஃபெனெல்லா சொல்லலையா உனக்கு?"

"நீ சொல்லலையே."

"அவ சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

"அவ நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சிருப்பா."

"வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்துது…"

"என் ஃபோன் மணி அடிக்கும் டிரெவர். அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார். வெட்டிய தண்டுகளில் பாதிப் பூக்கள் இன்னும் வாடவில்லை. "இத… திருப்பி எப்படியாவது…" என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். முகம் சிவந்துபோய் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாராவது வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. சண்டை போட்டிருப்பேன், அதில் ஒரு மாதம் ஓடியிருக்கும். இதில் சண்டை போட ஆளில்லை. தேதி மாற்றிய அன்று கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் என் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் நெஞ்சில் குத்தியது.

சாயங்காலம் ஃபெனெல்லா வந்தாள். தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

"வரைபடத்துல உங்க நம்பர் மேல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிடலாம் கிளெண்டா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஆனா பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"கேக் இருக்கும்" என்றேன்.

அவள் வெட்டிய தூர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டில் எது மோசம் என்று யோசிப்பதுபோல் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டாமல் போய்விட்டாள், அதற்காக அவளைக் குறை சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைக் கேக்கும் பழக் கேக்கும் செய்து வைத்தேன். புல்லில் நாற்காலிகளைப் போட்டேன். தேவாலயப் பக்கமிருந்து பேண்டுச் சத்தம் வந்தது. வந்தவர்கள் சிலர்தான். எங்கள் ஜனங்கள் உயிர் போனாலும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். ஒருவர் "மண்ணு ரொம்ப நல்ல மண்ணு" என்றார். ஓர் அம்மாள் "தண்ணித் தொட்டி அழகா இருக்கு" என்றாள். ஒரு தம்பதி கொஞ்ச நேரம் பாத்திகளை உற்றுப் பார்த்துவிட்டு, "இனிமேதான் செடி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "வளரும்" என்றேன். "கண்டிப்பா வளரும்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் நழுவினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண் "ஐயோ பாவம்" என்றது தெளிவாகக் கேட்டது.

நான் கேக்கை மூடப்போகும்போது சிவப்பு மழைக்கோட்டும் ஊன்றுகோலுமாக ஒரு கிழவி வாசலில் வந்து நின்றார். எனக்கே எழுபத்திரண்டு. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவராக இருப்பார்.

"இங்க ஒண்ணுமே இல்லையே!" என்றார், ஆடுகளுக்கும் கேட்கிற மாதிரி.

"இல்லதான்" என்றேன்.

"டிக்கெட் வாங்கிட்டு இந்தச் சந்து பூரா நடந்து வந்திருக்கேன். முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. வந்து பார்த்தா வெட்டின கட்டை!"

"உக்காருங்க. கேக் இருக்கு."

"என்ன கேக்?"

"எலுமிச்சை."

"பூதான் இல்ல, கேக்காவது ஒழுங்கா இருக்கட்டும்."

இரண்டு துண்டு சாப்பிட்டார். "கொஞ்சம் காஞ்சுபோயிருக்கு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது துண்டு கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அன்று முழுவதும் என்னிடம் உள்ளதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பெயர் மூரியல். மைன்ஹெட்டில் கடலோரமாக ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறாராம். அங்கிருந்து ஒரு பஸ் நிறைய அழைத்து வந்திருந்தார்கள், மற்றவர்களெல்லாம் பேண்டு கேட்டுக்கொண்டு தேவாலயத்தோடு நின்றுவிட்டார்களாம். தேதி மாறிய கதையைச் சொன்னேன்.

"ஒருத்தரும் சொல்லலையா உனக்கு?" என்றார். "எங்க இடத்துலயும் அதே கதைதான். போன மாசம் தீ பிடிச்சா எப்படித் தப்பிக்கறதுன்னு ஒத்திகை வெச்சாங்க. எல்லாரும் கீழ இறங்கி நின்னுட்டாங்க. நான் மேல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். நிஜமாவே எரிஞ்சிருந்தாலும் குடிச்சிட்டுத்தான் இருந்திருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எண்ணிப் பார்த்து எல்லாரும் வந்தாச்சுன்னு மேல அனுப்பிட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமா என்ன.

"சரி, இந்தக் கட்டை என்ன நிறத்துல பூக்கும்?"

"ஆகஸ்ட்ல வந்து பாருங்க."

"யாரு கூட்டிட்டு வருவா? வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பஸ் விடறாங்க. அடுத்தது கிறிஸ்துமஸ் சாமான் வாங்க."

நான் எழுந்து மண்வெட்டியை எடுத்தேன். ஓரத்தில் இருந்த தூரைக் கெல்லிப் பிளந்து, வேரோடு ஒரு பங்கை ரொட்டிப் பையில் ஈரமண் போட்டு வைத்தேன். விதை இல்லாத செடியை இப்படிப் பிரித்துக் கொடுத்தால்தான் உண்டு.

"வீட்டுல தொட்டி இருக்கா?"

"பால்கனியில இருக்கு. இப்ப அதுல சிகரெட் துண்டு வளருது. மாடிக்காரன் போடறது."

செடிக்குச் செருகும் அட்டையில் செடியின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். நான் என் ஃபோன் நம்பரை எழுதினேன். "பூத்தா நிறம் சொல்லுங்க" என்றேன்.

மூரியல் பையை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் பக்கம் யாராவது செடி கொடுத்தால் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் வேர் பிடிக்காது. விஷயம் தெரிந்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஃபெனெல்லா தலையைச் சாய்த்துக்கொண்டு வந்து, வருகிற வருடம் வரைபடத்தில் நான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் வந்தது. ஜெரேனியம் ரால்ஃப் காலத்தில்கூட அப்படிப் பூத்ததில்லை. பாதை ஓரம் முழுக்க நீலம் வழிந்தது. இரண்டாவது ஞாயிறு அன்று பழக்க தோஷத்தில் கேக் செய்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தேனீக்கள்தான் வந்தன. இவ்வளவு பூவையும் ஒருத்தியாகப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது? கேக்கில் ஒரு துண்டு எடுத்தேன். காய்ந்துதான் போயிருந்தது. அப்போது உள்ளே ஃபோன் அடித்தது.

"நீலம்!" என்றது ஒரு குரல்.

"யாரு?"

"நீலம்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ரோஸ் கலரா இருக்கும்னு நினைச்சு, ரோஸ் கலர்ல புதுத் தொட்டி வாங்கிட்டேன். இப்ப பார்க்க பொம்மைக் கடை மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தேநீர் நேரத்துக்கு ஃபோன் வந்தது. எடுத்ததும் முதல் கேள்வி, "இன்னும் பூக்குதா?" பூக்கிறது என்பேன். அவருடையதும் பூக்கிறது என்பார். அப்புறம் மாடிக்காரன், முட்டி வலி, பக்கத்து அறைக்காரி திருடித் தின்ற பிஸ்கட் என்று எங்கெங்கோ போகும். நான் வாரம் முழுக்கச் சொல்வதற்கு விஷயம் சேர்த்துவைப்பேன். கடை இயந்திரத்துக்குப் பதில் சொன்னதைக்கூடச் சொன்னேன். "அது உன்கிட்ட மரியாதையாப் பேசுதா? எங்க ஊர் மெஷின் என்னத் திருடின்னு நினைக்குது" என்றார்.

ஆனாலும் செடியைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்பதை அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்வேன். எங்கள் ஜனங்களில் யாரும் "தனியா இருக்கேன், கொஞ்சம் பேசு" என்று ஃபோன் செய்வதில்லை. நடுவில் ஒரு செடியோ பூனையோ மழையோ வேண்டும். அவருடைய நம்பரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் அதிகப்படியாக நினைத்துக்கொள்வாரோ என்று பயம்.

செப்டம்பரில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "பூ நின்னுட்டா சொல்லிடு. அப்புறம் கூப்பிடறதுக்கு என்ன இருக்கு?"

நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு அது முள்ளாகத் தைத்தது.

அக்டோபர் கடைசியில் பனி விழத் தொடங்கியதும் நான் ஒரு காரியம் செய்தேன். ரால்ஃப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். எந்தக் குளிருக்கும் சாகாத செடிக்கு, இருட்டுவதற்கு முன் பழைய திரைச்சீலையைப் போர்த்திவிட்டு வந்தேன். டிரெவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கமே, செடிக்கு ஜலதோஷமா?"

"உன் வேலையப் பாரு டிரெவர்."

அவர் போய்விட்டார். 'உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வாயில் வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு மூரியலின் குரல் சரியாக இல்லை.

"வெள்ளிக்கிழமை எங்க கட்டடத்துல ஜன்னலெல்லாம் மாத்தறாங்களாம். வெளிய சாரம் கட்டணும்னு பால்கனியில இருக்கற தொட்டி பூரா தூக்கிட்டுப் போயிடுவாங்க. வசந்தத்துலதான் திருப்பித் தருவாங்களாம்."

"உங்க செடியையுமா?"

"என் செடி மட்டும் மகாராணியா? அதுவும்தான்."

அன்று பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கூப்பிடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு அந்தக் குளிர்காலத்தின் முதல் கடும்பனி. ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது திரைச்சீலை பலகையாக விறைத்திருந்தது. தூக்கினால் கீழே எல்லாம் கறுத்துக் குழைந்து கிடந்தது. முழங்காலிட்டுத் தேடினேன். பூ வேண்டாம், ஒரு மொட்டாவது அகப்படாதா என்று தண்டு தண்டாக விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செடிக்காக இல்லை. செடி ஏப்ரலில் வந்துவிடும். ஏப்ரல்வரை ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருக்குமே.

தேநீர் நேரம் வந்தது. இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். மூரியலிடம் இப்போது தொட்டியும் இல்லை. எதைச் சாக்கிட்டுக் கூப்பிடுவார்? தேநீர் ஆறியது. ஃபோன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் விளக்கைப் போட எழுந்தேன். மணி அடித்தது.

"இன்னும் பூக்குதா?" என்றார் மூரியல்.

ஜன்னலுக்கு வெளியே பாத்தி கறுப்பாகத் தெரிந்தது.

"பூக்குது" என்றேன். "ரெண்டு பூ இருக்கு."

அந்தப் பக்கம் கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னோடதும்தான்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. ஆனா நல்லாப் பெருசு."

அவருடைய தொட்டியை வெள்ளிக்கிழமையே தூக்கிப் போயிருந்தார்கள்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திடாதீங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அடுத்த ஞாயித்துக்கிழமை எப்படி இருக்குன்னு கூப்பிட்டுக் கேக்கறேன். பார்த்துவெச்சுச் சொல்லு."

"பார்த்துவெக்கறேன்."

நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டேன். வேர் பிடிக்க வேண்டுமே.